க்ரூக்ஸின் தனிமையைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி

ஜான் ஸ்டைன்பெக் எழுதி 1937-ல் வெளியான 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' குறுநாவலில் வரும் க்ரூக்ஸைப் பற்றி எழுதச் சொன்னால், பல மாணவர்கள் "இனவெறியால் அவன் தனிமையில் வாடினான்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு அதையே நாலு பத்திக்கு நீட்டுகிறார்கள். அப்படி எழுதாதீர்கள். அந்தத் தனிமை அவனுடைய சுபாவம் இல்லை, மற்றவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. அது எப்படி நடக்கிறது என்று காட்டுங்கள்.

அறையிலிருந்து தொடங்குங்கள். கலிபோர்னியாவில், பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், பண்ணைக் கூலியாட்கள் எல்லாரும் ஒரே கொட்டகையில் படுக்கிறார்கள். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் க்ரூக்ஸ் மட்டும் கறுப்பினத்தவன் என்பதால் தொழுவத்தை ஒட்டிய சேண அறையில், வைக்கோல் நிரப்பிய பெட்டியில் படுக்கிறான். தனி அறை இருப்பது நல்லதுதானே என்று வயதான பண்ணையாள் கேண்டி வெள்ளந்தியாகச் சொல்கிறான், ஜன்னலுக்குக் கீழே சாணக்குவியலும் இருக்கிறது என்கிறான் க்ரூக்ஸ். இத்தனை வருஷமாக அதே பண்ணையில் இருக்கும் கேண்டி அந்த அறைக்குள் வருவது அன்றைக்குத்தான் முதல் தடவை! இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஒரு பத்தி எழுதலாம். அங்கே 1905-ஆம் ஆண்டின் கலிபோர்னியா சிவில் சட்டப் புத்தகம் ஒன்றும் கிழிந்துபோய்க் கிடக்கிறது. உரிமையைப் படித்துத் தெரிந்துவைத்திருக்கிறான், சீட்டாடக் கூப்பிட ஆள் இல்லை.

அடுத்து, மாணவர்கள் தவிர்க்கிற இடம். மனவளர்ச்சி குன்றிய கூலியாள் லென்னி உள்ளே வந்ததும், அவனைப் பார்த்துக்கொள்ளும் நண்பன் ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டுக் கேட்டு க்ரூக்ஸ் அவனை வதைக்கிறான். பாதிக்கப்பட்டவன் கெட்டவனாகத் தெரிந்துவிடுவானோ என்று பயந்து இதை விட்டுவிடாதீர்கள், என்னைக் கேட்டால் கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தனக்கு ஒவ்வொரு நாளும் நடப்பதை, அதாவது பேச்சுக்கு ஆளில்லாமல் இருப்பதை, இன்னொருத்தன் ஒரு நிமிஷமாவது உணரட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறான். கொஞ்ச நேரத்தில் அவன் வாயிலிருந்தே உண்மை வருகிறது: தனியாக இருப்பவன் எதையாவது பார்த்தால் அது நிஜமா இல்லையா என்று கேட்டுக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. ஒதுக்கிவைத்தது அவன் தன் கண்ணையே நம்ப முடியாத அளவுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அப்புறம், லென்னியும் ஜார்ஜும் கேண்டியும் சேர்ந்து சொந்தமாக நிலம் வாங்கக் கனவு காண்பதைக் கேட்டதும், க்ரூக்ஸுக்கு நம்பிக்கை துளிர்க்கிறது. சம்பளம் வேண்டாம், சாப்பாடும் இடமும் போதும், உங்கள் நிலத்தில் நானும் வேலை செய்கிறேன் என்கிறான். பண்ணை முதலாளியின் மகன் கர்லியின் மனைவி வந்து, நினைத்தால் உன்னை மரத்தில் தொங்கவிடுவேன் என்றதும் அப்படியே சுருங்கி, கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறான். இந்த மிரட்டல் ஏன் பலிக்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். 1931-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வெள்ளைப் பெண்கள் இருவர் சொன்ன பொய்யான பலாத்காரப் புகாரில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் கைதானார்கள், ஸ்காட்ஸ்பரோ ஊரில் நடந்த விசாரணைகளில் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்றன, அவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. கர்லியின் மனைவி சும்மா சொல்லவில்லை என்பது க்ரூக்ஸுக்குத் தெரியும்.

நாவலில் எல்லாருமே தனிமையில்தானே இருக்கிறார்கள் என்ற கேள்வி வரும். உண்மைதான், கை போன கிழவன் கேண்டியும் தனியாள், பேச்சுத்துணை தேடி வந்த அந்தப் பெண்ணும் தனியாள். ஆனால் கேண்டி அவளை எதிர்த்துப் பேசினால் அதிகபட்சம் யாரும் அவன் பேச்சைக் கேட்கமாட்டார்கள், க்ரூக்ஸ் பேசினால் உயிரே போகலாம். இந்த வித்தியாசத்தை எழுதாத ஒப்பீடு அரைகுறைதான்.

மேற்கோள் காட்டும்போது நாவலில் வரும் இன வசைச்சொல்லை முழுதாக எழுத வேண்டாம். முதல் எழுத்தும் கோடும் போதும், வாதத்துக்கு எந்தக் குறையும் வராது.