கதவடைப்பு முடிந்ததா? உடன்பாட்டுச் செய்தியை வாசிக்கும் முறை

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வருபவர்களிடம், காத்திருக்கும் தோழர்கள் "பன்னிரண்டு மூணு போட்டாச்சா?" என்றுதான் கேட்டு வந்தார்கள்; 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி கையெழுத்தாகும் வரை வாய்ப்பேச்சை யாரும் நம்பியதில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தின் ஊதியத் தகராறு பற்றிய செய்தியையும் இதே சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். அந்தக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 2011இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம்.

முதலில், ஆட்டத்தை நிறுத்தியவர் யார் என்று பாருங்கள். பேச்சுவழக்கில் எல்லாமே ஸ்டிரைக்தான்; ஆனால் அந்த ஜூலை 1 அன்று வீரர்களை ஆடவிடாமல் கதவை அடைத்தவர்கள் அணி உரிமையாளர்கள்.

அடுத்து, தேதிகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நவம்பர் 26 அன்று எட்டப்பட்டது கொள்கையளவிலான உடன்பாடு மட்டுமே. அதற்கு 12 நாள் முன்புதான் வீரர்களின் சங்கம் பேரம் பேசும் பொறுப்பைத் துறந்து, வழக்குத் தொடுக்க வழிவிட்டிருந்தது. ஆகவே வழக்குகளைத் திரும்பப் பெற்று, சங்கத்தை மறுபடி நிறுவி, இரு தரப்பும் வாக்களித்த பிறகே, டிசம்பர் 8 அன்று, 161 நாள் கதவடைப்பு முடிவுக்கு வந்தது. முதல் ஆட்டம் கிறிஸ்துமஸ் நாளில், சென்னை நேரப்படி இரவு பத்தரைக்கு.

மூன்றாவதாக, பங்கைக் கணக்கிடுங்கள். கூடைப்பந்து வருவாயில் வீரர்களுக்கு முன்பு 57 விழுக்காடு கிடைத்தது. புதிய ஒப்பந்தம் அதை 49 முதல் 51 வரை என்று மாற்றியது. ஆண்டு வருவாய் ஏறத்தாழ 400 கோடி டாலர் என்று வைத்தால், ஒரு விழுக்காடு 4 கோடி டாலர். பங்கு 50ஆக நின்றால் ஆண்டுக்கு 28 கோடி டாலர் வீரர்களிடமிருந்து உரிமையாளர்களுக்குக் கைமாறுகிறது. இத்துடன் 82 ஆட்டங்கள் 66ஆகக் குறைந்ததால், அந்தப் பருவத்துச் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் போயிற்று. இதற்குப் பிறகும் "இரு தரப்புக்கும் வெற்றி" என்று எழுதுவோரை நான் நம்புவதில்லை.

கடைசியாக, ஒப்பந்தக் காலத்தையும் இடையில் விலகும் உரிமையையும் தேடுங்கள். இது 10 ஆண்டு ஒப்பந்தம். ஆறாம் ஆண்டு முடிவில் இரு தரப்பில் எவரும் விலகலாம். அந்தக் கெடு நெருங்கியபோது, 2016 டிசம்பரிலேயே புதிய ஒப்பந்தத்தைப் பேசி முடித்தார்கள். 2017 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தபோது ஓர் ஆட்டமும் தவறவில்லை.