சென்னைக் கடலில் இறங்குமுன் நீரோட்டத்தைப் பாருங்கள்

சென்னைக் கரையில் பயப்பட வேண்டியவை இரண்டு: ஆளை உள்ளே கொண்டுபோகும் இழுப்பு, ஆற்று முகத்துவாரத்திலிருந்து வரும் சாக்கடை. இரண்டையும் தீர்மானிப்பது நீர் ஓடும் விதம்தான். அதனால் முதலில் அதன் திசையைக் கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஒரு தேங்காய் மட்டை போதும். காற்று தள்ளாதபடி நன்றாக நனைத்து, அலை உடையும் இடத்துக்குச் சற்று அப்பால் வீசுங்கள். கரையில் நின்றபடியே இரண்டு நிமிடம் கவனியுங்கள். கரையை ஒட்டி நிமிடத்துக்கு 20 மீட்டருக்கு மேல் நகர்ந்தால் பிள்ளைகளை முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். மட்டை கடலை நோக்கிப் போனால் அங்கே யாருமே இறங்க வேண்டாம்.

மார்ச் முதல் அக்டோபர் வரை இங்கே நீரோட்டம் பெரும்பாலும் வடக்கே போகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்கே திரும்பும். அடையாறு முகத்துவாரத்தின் அழுக்கு கோடையில் பட்டினப்பாக்கம் பக்கமும், மழைக்காலத்தில் பெசன்ட் நகர் பக்கமும் ஒதுங்குவது இதனால்தான். கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம் இருக்கிறது. அங்கேயும் மழைக்காலத்தில் இதே கணக்குதான்.

குளிக்கத் தகுந்த கடல்நீரில் 100 மில்லிக்கு 100 மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) வரை இருக்கலாம் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மணல் கலங்கிய நீர் சுத்தமாக இருக்கலாம், தெளிந்த நீரில் கிருமி இருக்கலாம். பலத்த மழை பெய்தால் முழுதாக மூன்று நாள் விடுங்கள். பெரும்பாலும் வெயில் பட்டுத்தான் கிருமி சாகும், கலங்கல் இருக்கும்வரை வெயில் ஆழத்துக்குப் போகாது. ஆறாத புண், காதுவலி உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம்.

இனி இழுப்பு. அலை கொண்டுவந்து குவிக்கும் நீர், மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கருத்தோ மணல் கலங்கியோ ஒரு பட்டை தெரியும். நுரை அதன் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கும். அலை இல்லை என்று நம்பி அந்த இடத்திலேயே குடும்பத்தோடு இறங்குகிறார்கள். மனம் பதறும் காட்சி அது. வேகமான இழுப்பு விநாடிக்கு 2 மீட்டரைத் தொடும். நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் அதை எதிர்த்து வர முடியாது.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். இழுப்பு ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். வேகம் தளர்ந்ததும் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, அலையோடு சாய்வாகக் கரையேறுங்கள்.

மெரினாவில் கடலில் குளிக்கக் காவல்துறை தடை உண்டு. கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் சரிகிறது. கோவளத்தில் 2021இல் நீலக்கொடி (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற பகுதியில், உயிர்காப்பாளர் பார்வைக்குள் குளியுங்கள். பிற்பகல் கடற்காற்றில் அலை ஏறும், காலையே நல்லது. 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்திருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் கரையோரத்தில்கூட நிற்காதீர்கள். தொலைதூரத்துப் புயல் கிளப்பிய அலை அது.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். மூச்சு முட்டினால் உடனே 108.

மூழ்குகிறவரைப் பிடிக்க நீங்களும் குதிக்காதீர்கள். மூடி இறுகிய காலித் தண்ணீர் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். கரைக்கு வந்தவருக்கு மூச்சில்லை என்றால், வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்குவதும் பொன்னான நேரத்தைத் தின்றுவிடும். முதலில் வாயோடு வாய் வைத்து ஐந்து மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம் பதிய 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. அவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.