விலை குறைந்த இயர்போனின் ஒலித்தரத்தை வீட்டிலேயே கண்டறிவது எப்படி? – தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு செல்போன் கடைக்குள் நுழைந்தால், 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை விலையுள்ள இயர்போன்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். காதுக்குள் நுழைக்கும் பொருள் என்பதால் பெரும்பாலான கடைகளில் அவற்றைப் போட்டுக் கேட்டுப் பார்க்க விடுவதில்லை. “பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) நல்லா வருமுங்க” என்ற ஒரு வரியோடு விளக்கம் முடிந்துவிடும். எனவே, ஒலித்தரத்தைச் சோதிக்கும் வேலை, பொருள் வீட்டுக்கு வந்த பிறகு நம் தலையில்தான் விழுகிறது. அதற்கு விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. நேரில் கேட்டுப் பழகிய மனிதக் குரலும், கோயில் திருவிழாவில் அருகே நின்று கேட்ட தவிலும் நாதஸ்வரமும் இந்த இயர்போனில் அவையாகவே ஒலிக்கின்றனவா என்று நிதானமாகக் கேட்டாலே, அதன் தரத்தைப் பெருமளவு கணித்துவிடலாம். ஆனால் அப்படிக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன். இவை யாவும் கம்பியுள்ள, காதுக்குள் பொருத்தும் இயர்போன்களுக்கானவை. புளூடூத் வகையைப் பற்றி இடையில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

படி 1: காதுக்கு ஓய்வு கொடுங்கள்

சோமனூர், பல்லடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியமானது. பல விசைத்தறிக் கூடங்களில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுகிறது. அத்தகைய இடத்தில் ஒரு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வரும் காது, தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். குறிப்பாக மெல்லிய, உயர்ந்த (கீச்சென்ற) ஒலிகளை அது தவறவிடும். அந்த நிலையில் கேட்டால் காதைக் குத்தும் இயர்போனும் இதமாகத் தோன்றும். வேலை நாள் மாலையைத் தவிர்த்து, நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் கேளுங்கள்.

அறையும் அமைதியாக இருக்க வேண்டும். பக்கத்துத் தறிச் சத்தம், மின்விசிறி, பேருந்து இன்ஜினின் உறுமல் ஆகியவை முதலில் விழுங்குவது தாழ்ந்த ஒலிகளைத்தான். பொள்ளாச்சிப் பேருந்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு எந்த இயர்போனிலும் பேஸ் போதாது என்றே தோன்றுவதற்கும், அதனால் பேஸை அளவுக்கு மீறிக் கூட்டிய இயர்போன்கள் விற்றுத் தீர்வதற்கும் இது ஒரு காரணம்.

படி 2: சரியாகப் பொருத்துங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒலித்தரம் குறித்து வரும் குறைகளில் பெரும்பகுதி, இயர்போன் காதில் சரியாகப் பொருந்தாததால் வருபவை என்பது என் உறுதியான கருத்து.

பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி சிலிகான் ரப்பர்கள் இருக்கும். கருவியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவே தமக்குப் பொருந்தும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை; வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குப் பெரியதும் தேவைப்படுவது இயல்பானதே. பொருத்தும்போது எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேல்நோக்கியும் சற்றுப் பின்னோக்கியும் இழுத்துப் பிடியுங்கள். காதுத்துளை நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகி உள்ளே செலுத்தி, மடலை விட்டுவிடுங்கள். ரப்பர் துளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டதும் வெளிச்சத்தம் சட்டென்று குறைவதையும், உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் கனத்து ஒலிப்பதையும் உணர்வீர்கள். இரண்டு பக்கமும் இப்படி ஆனால்தான் பொருத்தம் சரி.

இயர்போனுக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் சிறிய பாகமான டிரைவர், காதுக்குள் அடைபட்ட அந்தச் சிறிதளவு காற்றைத் தள்ளியே தாழ்ந்த ஒலியை உண்டாக்குகிறது. மூடிய இடத்தில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். பேஸ் மறைந்து, எஞ்சிய ஒலி தகரத்தைத் தட்டுவது போலாகிவிடும். உள்ளே செலுத்தும்போது ‘மொறுக்’கென்று ஓர் ஒலி வந்தால் பயப்பட வேண்டாம். அது காற்றழுத்தத்தில் டிரைவரின் மெல்லிய தகடு வளைந்து மீளும் ஒலி. விலை குறைந்த கருவிகளில் இது அடிக்கடி நிகழ்வதுதான். மூன்று அளவுகளும் பொருந்தாவிட்டால், கைகளால் நசுக்கிச் செருகியபின் உப்பிக்கொள்ளும் ஃபோம் வகையைத் தனியாக வாங்கிப் பாருங்கள். அது உயர்ந்த ஒலிகளைச் சற்றே மட்டுப்படுத்தும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 3: போனைத் தயார் செய்யுங்கள்

ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி), டால்பி, ‘பேஸ் பூஸ்ட்’ போன்ற, ஒலியை மாற்றும் எல்லா அமைப்புகளையும் அணைத்துவிடுங்கள். இவை இயங்கினால் நீங்கள் கேட்பது இயர்போனை அல்ல, போன் செய்யும் திருத்தத்தை. பாடல் கோப்பும் ஓரளவு தரமானதாக இருக்க வேண்டும். ஒலி எவ்வளவு நொடிக்கு நொடி அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடக் கூட ஒலி உயரும். அளவைச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்புகளில் பொதுவாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வெட்டப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பாடலை வைத்து ஒரு கருவியின் உயர்ந்த ஒலியை எடைபோடுவது அந்தக் கருவிக்கு நியாயம் செய்வதாகாது. 3.5 மி.மீ. துளை இல்லாத போன் என்றால் டைப்-சி மாற்றியைப் பயன்படுத்துங்கள். புளூடூத் இயர்போனைச் சோதிப்பவர்கள், ஒலியை அனுப்பும் எஸ்பிசி, ஏஏசி போன்ற முறைகளும் உள்ளே உள்ள மின்சுற்றின் திருத்தங்களும் கேட்கும் ஒலியில் கலந்திருக்கும் என்பதை அறிந்து கேட்க வேண்டும். மற்றபடி படிகள் ஒன்றே.

படி 4: ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு பழைய இயர்போனோடு ஒப்பிட்டுக் கேட்பதுதான் தொடக்கநிலையினருக்கு எளிய வழி. ஆனால் இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ, அதுவே தரமானது என்று நம் மூளை முடிவு கட்டிவிடும். தாழ்ந்த ஒலியளவில் நம் காது பேஸையும் மிக உயர்ந்த ஒலியையும் குறைவாக உணர்கிறது என்பதை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டார்கள். ஒலியளவைக் கூட்டினால் ஒலியின் குணமே மாறியதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஆகவே, முதலில் வெறும் பேச்சு மட்டும் உள்ள ஒரு பதிவை ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசும் அளவுக்குப் பழைய இயர்போனில் ஒலியை வையுங்கள். பிறகு புதியதை மாட்டி அதே பேச்சு அதே அளவில் கேட்கும்வரை சரிசெய்து, அது போனின் ஒலியளவில் எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படிகள் சற்று அகலமானவை என்பதால் அச்சொட்டாகப் பொருந்தாது. அரைகுறையாகப் பொருந்தினாலும், பொருத்தாமல் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 5: குரலில் தொடங்குங்கள்

பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பேச்சைக் கேளுங்கள். வானொலிச் செய்தி இதற்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் பின்னணி இசை இல்லாமல், சீரான குரலில், தெளிவான உச்சரிப்போடு அது வாசிக்கப்படுகிறது. “செய்திகள் வாசிப்பது” என்ற இரண்டு சொற்களிலேயே பல விவரங்கள் வெளிப்படும். ‘செ’, ‘சி’ ஆகிய எழுத்துகளில் எழும் காற்றொலி 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வலுவாக இருக்கும். அந்த இடத்தில் ஊசி குத்துவது போன்ற ஒரு கூர்மை தெரிந்தால், கருவி அந்தப் பகுதியைத் தேவைக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறது என்று பொருள். மாறாக, அந்தக் காற்றொலியே கேட்காமல் ‘செ’ மழுங்கிப்போனால் உயர்ந்த ஒலி குறைவு.

அடுத்து குரலின் உடலைக் கவனியுங்கள். ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை ஒலி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண்ணின் குரல் 165 முதல் 255 ஹெர்ட்ஸ் வரையிலும் அமையும். பேஸைக் கூட்டுவதற்காக 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து வீங்கவைத்த கருவிகளில், ஆண் வாசிப்பாளர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். பெண் குரலும் வழக்கத்தைவிடத் தடித்துப்போகும். விலை குறைந்த இயர்போன்களில் நான் மிக அதிகமாகக் காணும் குறை இதுதான்; கடையில் புகழப்படும் ‘நல்ல பேஸ்’ பல நேரங்களில் இந்த வீக்கமே. குரலைக் கெடுக்கும் பேஸை நல்ல பேஸ் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

படி 6: தவிலும் நாதஸ்வரமும்

நம் பகுதியில் திருமணத்திலும் கோயில் விசேஷத்திலும் தவிலைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கேட்காதவர்கள் குறைவு. அந்த நினைவு நமக்கு ஒரு பெரிய வசதி. தவிலின் இடப்பக்கமான தொப்பியைக் கழியாலும், வலப்பக்கமான வலந்தலையை விரல்களில் மாட்டிய கூடுகளாலும் வாசிப்பார்கள். ஒன்று கனத்த ‘கும்’ ஒலி. மற்றது வெட்டியெடுத்தாற்போன்ற கூர்மையான ஒலி. நன்கு பதிவான ஒரு தனி ஆவர்த்தனத்தை (தவில் மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி) ஓடவிட்டு, விரைவாக வாசிக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். ‘கும்’ எழுந்து, நின்று, அடுத்த அடிக்கு இடம் விட்டு அடங்க வேண்டும். அது அடங்காமல் நீண்டு, அதற்குள் வலந்தலையின் அடிகள் புதைந்துபோனால் அந்தக் கருவியின் பேஸ் அளவில் நிறைய இருக்கலாம், தரத்தில் இல்லை. கூடு தோலில் படும் ‘டக்’கென்ற தொடக்கம் கேட்கிறதா என்பதையும் தனியே கவனியுங்கள். அந்தத் தொடக்கம் மழுங்கினால் உயர்ந்த ஒலிகளில் குறை இருக்கிறது.

நாதஸ்வரம் வேறொரு வகையில் கடுமையான சோதனை. மனிதக் காதுத்துளை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ளது. திறந்த காதில் அது 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை இயற்கையாகவே பெருக்கித் தருகிறது. இயர்போனைச் செருகித் துளையை அடைத்ததும் அந்த இயற்கையான பெருக்கம் கெட்டுவிடுவதால், கருவியே அதை ஈடுகட்ட வேண்டும். குறைவாக ஈடுகட்டினால் நாதஸ்வரம் மண்டபத்துக்கு வெளியே வாசிப்பது போல் ஒதுங்கிவிடும். மிகுதியாக ஈடுகட்டினால் நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்கும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்ளத் தோன்றும். நாதஸ்வரம் நேரிலும் உரத்த வாத்தியம்தான் என்றாலும் அது நிறைந்து ஒலிக்குமே ஒழிய இப்படிக் குத்தாது.

இதற்கு மேலும் கேட்க விரும்பினால் பலர் கூடிக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மியின் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல கைகள் ஒரே நேரத்தில் தட்டும்போது, அவற்றுக்கிடையே உள்ள நூலிழை முன்பின் வேறுபாடு நல்ல கருவியில் தெரியும். மோசமான கருவியில் ஒரே ஒரு பெரிய ‘சப்’ ஒலியாக ஒட்டிக்கொள்ளும்.

படி 7: இடமும் வலமும்

வானொலிச் செய்தி தலையின் நட்டநடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே கருவியைக் குறை சொல்லாமல், இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். சாய்வு பக்கம் மாறினால் குறை இயர்போனில். அதே பக்கத்தில் நின்றால் பொருத்தத்திலோ காதிலோ. இயர்போன் முனையில் உள்ள சிறு வலையைக் காதழுக்கு அடைத்திருந்தாலும் ஒரு பக்கம் குறையும், அதையும் துடைத்துப் பாருங்கள்.

பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் ஒற்றை ஒலியைத் தரும் ஏதேனும் ஓர் இலவசச் செயலியை, ஒலியளவை நன்கு குறைத்துவைத்து இயக்குங்கள். தாழ்ந்த பகுதியில் ‘கிர்ர்’ என்ற அதிர்வு கேட்டால் டிரைவரில் ஏதோ ஒன்று உரசுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி. மேலே ஏறும்போது ஒலி நடுவிலிருந்து நழுவி அங்குமிங்கும் ஓடினால் இரண்டு பக்கமும் சமமாகத் தயாரிக்கப்படவில்லை. முடிவில் கடைசிச் சில ஆயிரம் ஹெர்ட்ஸ்கள் கேட்காமல் போவது வயதின் இயல்பு.

படி 8: பெட்டியில் உள்ள எண்களும் இணையத்தில் உள்ள வரைபடங்களும்

‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்று பெரும்பாலான பெட்டிகளில் அச்சடித்திருக்கும். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அதற்குப் பயன் இல்லை. 10 மி.மீ. டிரைவர் என்பதும் அளவைச் சொல்லுமே தவிரத் தரத்தைச் சொல்லாது. 16 அல்லது 32 ஓம் என்ற மின்தடையும், அதோடு தரப்படும் உணர்திறன் எண்ணும் போனில் போதிய சத்தம் வருமா என்பதை அறிய உதவும், அவ்வளவுதான்.

எந்த ஹெர்ட்ஸில் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும், இணைய விமர்சகர்களின் அலைவெண் வரைபடங்கள் இவற்றைவிடப் பயனுள்ளவை. 3,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் மேடு குறை அல்ல. முன்பு சொன்ன காதுத்துளையின் ஈடுதான் அது. காதுத்துளையைப் போல அமைந்த ஐஇசி 60318-4 வகை அளவீட்டுக் கருவியில் எடுத்த படங்களில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் கூர்முனை, இயர்போனைச் செருகிய ஆழத்தால் வருவதாகவும் இருக்கலாம். ஒரே விமர்சகர் ஒரே கருவியில் எடுத்த படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முக்கியமாக, படத்தைக் காதால் கேட்டபிறகு பாருங்கள். முன்னரே பார்த்துவிட்டால் கண் சொன்னதையே காதும் சொல்லத் தொடங்கும்.

படி 9: நீண்ட நேரம் கேட்டு முடிவெடுங்கள்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன், உங்களுக்கு மிகவும் பிடித்த இசையை ஒரு மணி நேரம் இடைவிடாமல் கேளுங்கள். பத்து நிமிடத்தில் பளிச்சென்று இருந்த ஒலி ஒரு மணி நேரத்தில் சலிப்பையும் தலைவலியையும் தந்தால், அந்தப் பளிச்சிடல் உயர்ந்த ஒலிகளின் மிகையே. கூடவே ஒலியளவையும் கவனியுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்கு 80 டெசிபலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. குறைந்த ஒலியளவில் குரல் தெளிவாகக் கேட்காமல், அடிக்கடி கூட்டவைக்கும் கருவியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இந்த விலையில் எல்லாப் படிகளிலும் தேறும் கருவி அரிது. எந்தக் குறையோடு வாழலாம் என்பதைத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். ‘செ’ ஒலி சற்றே குத்துவதை ஈக்வலைசரில் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துச் சரிசெய்யலாம். குடத்துக்குரலையும் 200 ஹெர்ட்ஸில் அதேபோல் இறக்கினால் ஓரளவு மட்டுப்படும். தவிலடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதையும், இடம் வலம் பொருந்தாமல் அலைவதையும், டிரைவர் உரசுவதையும் எந்தச் செயலியாலும் திருத்த முடியாது. அந்த மூன்றில் ஒன்று இருந்தாலும், விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.