டெல்டா சைக்கிள் பயணத்தில் வண்டி மக்கர் பண்ணினால்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

திருச்சியில் கிளம்பி கல்லணை, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கடலைத் தொடும் பாதை, முதல் நெடும்பயணத்துக்குத் தோதானது. மேடு என்று பார்த்தால் ஆற்றுப் பாலங்கள்தான். சிறு கடைத்தெரு உள்ள ஊரானால் பெரும்பாலும் ஒரு சைக்கிள் கடையும் இருக்கும். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் 28 அங்குலக் கறுப்பு வண்டிக்கும், பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் இலவச சைக்கிளுக்கும் உண்டான சாமான்கள். கியர் சைக்கிளின் உதிரி கேட்டால் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் கைகாட்டிவிடுவார்கள்.

அதனால் பை கட்டும்போது ஒரே கேள்வி போதும்: இது ஊர்க் கடையில் கிடைக்குமா? கிரீஸ், நட்டு போல்ட்டு, சாதாரண பிரேக் வயர், காற்று, சுத்தியல் அடி எல்லாம் கிடைக்கும், சுமக்க வேண்டாம். கிடைக்காதவையும், நடுவழியில் கையில் இருந்தே ஆக வேண்டியவையும் இவை: உங்கள் சக்கர அளவில் ட்யூப் 2, டயர் லீவர் 2, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் கட்டர் உள்ள ஆலன் கீ செட், உங்கள் செயினுக்குப் பொருந்தும் குயிக் லிங்க் (செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணி) 2, டீரெய்லர் ஹேங்கர் (பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரைச் சட்டத்தோடு பிடிக்கும் துண்டு) 1, கியர் கேபிள் 1, சரியான நீளத்தில் ஸ்போக்ஸ் கம்பி 3, நிப்பிள் சாவி (ஸ்போக்ஸ் முனையில் உள்ள திருகைச் சுழற்ற), பிரேக் கட்டை ஒரு ஜோடி, பழைய டயரில் வெட்டிய விரல் நீளத் துண்டு, பத்து கேபிள் டை. எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான்.

பஞ்சர்

வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இதுதான். ஆற்றங்கரைச் சாலைகளில் குற்றவாளி பெரும்பாலும் சீமைக் கருவேல முள். குத்தியபின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடும். ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அரை கிலோமீட்டரில் மறுபடி இறங்க வேண்டியதுதான்.

1. சக்கரத்தைக் கழற்றுமுன் செயினை மிகச் சிறிய பின்பல்லுக்குக் கொண்டுவாருங்கள். மாட்டும்போது திண்டாட்டம் இருக்காது.

2. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி ட்யூபை உருவுங்கள். டயரில் எந்த எழுத்துக்கு நேராக வால்வு இருந்தது என்று பார்த்து வையுங்கள். ஓட்டை கிடைத்ததும் டயரில் முள் இருக்கும் இடத்தை இதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

3. ட்யூபில் காற்றடித்துக் கன்னத்தருகே பிடித்துச் சுற்றுங்கள். தெரியவில்லையென்றால் அடிபம்பில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்து அமுக்குங்கள், குமிழ் காட்டிக்கொடுக்கும்.

4. ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாளால் தேயுங்கள். ட்யூபின் நீளத்துக்கு ஓடும் மெல்லிய வரம்பு அந்த இடத்தில் வந்தால் அதை முழுதாகத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஒட்டு நிற்காமல் ஓரத்தில் காற்று கசிவதற்கு இந்த வரம்புதான் காரணம். புதியவர்கள் கோட்டை விடுவதும் இங்கேதான்.

5. சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஈரத்தோடு ஒட்டினால் உரிந்துவரும். ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் அழுத்துங்கள்.

6. டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். வெளியிலிருந்து பிடுங்க வராவிட்டால் உள்ளிருந்து ஆலன் கீ முனையால் தள்ளுங்கள். வெறும் விரலைவிட்டுத் தடவ வேண்டாம்.

ஓட்டையின் தோற்றமே காரணத்தைச் சொல்லும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்றால் காற்று குறைவு. பள்ளத்தில் விழுந்தபோது ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் (ஸ்போக்ஸ் துளைகளை மூடும் பட்டை) விலகியிருக்கும். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டி மெனக்கெட வேண்டாம், புது ட்யூப்தான். டயரின் பக்கச்சுவர் கிழிந்து ட்யூப் பிதுங்கினால் பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்துக் காற்றடியுங்கள். துண்டு இல்லையா, பால் பாக்கெட்டை நாலாக மடித்து வைத்தாலும் அடுத்த ஊர் போய்ச் சேரலாம்.

இரண்டு ட்யூபும் போய்விட்டால்? 28 அங்குல டயர், பல கியர் சைக்கிள்களில் இருக்கும் 700சி அளவு ரிம்மில் ஏறாது. அதன் ரிம் 635 மி.மீ., உங்களுடையது 622. ஆனால் அதன் ட்யூப் சற்றே பெரிதானாலும் 35 மி.மீ. டயருக்குள் அவசரத்துக்கு அடங்கும். ஒரு நிபந்தனை உண்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் துளைத்த ரிம் என்றால் ஊர் ட்யூபின் தடித்த வால்வு நுழையாது. கிளம்புமுன் வீட்டிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

சுமையோடு போகும் 35 மி.மீ. டயருக்குப் பின்னால் 60, முன்னால் 50 பி.எஸ்.ஐ. சுமாராகச் சரி, டயரில் அச்சிட்ட அளவைத் தாண்டக் கூடாது. கம்ப்ரஸரில் அடிக்கும்போது, "கொஞ்சம் கொஞ்சமா அடிங்கண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வைக்கோல்

டெல்டாவுக்கே உரிய ஆபத்து. குறுவை, சம்பா அறுப்பு முடிந்த நாட்களில் நெல்லும் வைக்கோலும் சாலையில்தான் காயும். நாலு வைக்கோல் பின்பல்லில் சுற்றினால் போதும். அது டீரெய்லரை இழுத்து ஸ்போக்ஸுக்குள் செருகிவிடும், ஹேங்கர் முறியும்.

கால் கனத்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு மிதி கூட வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றினால் பாதி வந்துவிடும்; மிச்சத்தைக் கத்தரித்து எடுங்கள். பிடித்து இழுத்தால் பல்லிடுக்கில் இன்னும் இறுகும்.

ஹேங்கர் முறிந்து, மாற்று ஹேங்கரும் இல்லையென்றால் வண்டியை ஒற்றைக் கியராக்கலாம். செயினைப் பிரித்து டீரெய்லரிலிருந்து உருவிவிடுங்கள். முன்னால் நடுப்பல், பின்னால் அதற்கு நேர்கோட்டில் வரும் பல். அந்த இரண்டில் மட்டும் சுற்றிவர, தொய்வில்லாத அளவுக்கு வெட்டி குயிக் லிங்க் போடுங்கள். நேர்கோடு தப்பினால் செயின் பக்கத்துப் பல்லுக்கு ஏறி இறுகி நிற்கும். மலைப்பாதையில் இது தண்டனை. இங்கே தரை தட்டை என்பதால் இப்படியே நாள் முழுக்க ஓட்டலாம்.

செயின் அறுந்தாலும் கிட்டத்தட்ட இதே வேலைதான். வெளித்தகடு மட்டும் வளைந்திருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குயிக் லிங்க், நீளம் குறையாது. உள்தகடும் கெட்டிருந்தால் ஓர் அங்குலம் குறையும், அதன்பின் முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் சேர்க்கையைத் தொடாதீர்கள். 8 வேகச் செயினின் லிங்க் 10 வேகத்துக்கு ஆகாது.

ஸ்போக்ஸ் ஒடிந்தால்

பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் பக்கம்தான் ஒடியும். சுமை எல்லாம் அங்கேதான். ஒடிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் முறுக்கிவிடுங்கள். வலப்பக்கக் கம்பி போனால் ரிம் இடப்பக்கம் சாயும். அதன் இருபுறமும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். அடுத்தடுத்த வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்குங்கள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி கால் சுற்று. டயர் பக்கமிருந்து பார்க்கும்போது நிப்பிளைக் கடிகாரச் சுற்றில் திருகினால் கம்பி இறுகும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ். இதைக் குழப்பிக்கொண்டு கோட்டத்தைப் பெரிதாக்குகிறவர்கள் அதிகம். செயின் பக்கம் புதுக் கம்பி போடப் பின்பல் தொகுப்பைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவி ஊர்க் கடையில் இராது. ஆனால் கோட்டம் எடுப்பதில் அந்தக் கடைக்காரரின் கை பல பெருநகர மெக்கானிக்கைவிட நிதானமானது, தயங்காமல் கொடுங்கள்.

சேறும் உப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கரைகளில் இறங்காதீர்கள். மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். குச்சியால் குத்தி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் செயின் ஒரே இரவில் துரு காட்டும். நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும், மண்ணெண்ணெய் கழுவ மட்டுமே ஆகும். டிஸ்க் பிரேக் தட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது.

எதுவும் பலிக்காவிட்டால் ஒரு குட்டியானையைக் கைகாட்டி நிறுத்துங்கள். வண்டியைக் கிடத்தும்போது டீரெய்லர் இருக்கும் வலப்பக்கம் மேலே இருக்கட்டும். அடியில் ஒரு சாக்கு போடச் சொல்லுங்கள்.