டவர் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபையர் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பீக்கரின் பின்புறத்தில் 150 வாட் என்று அச்சிட்டிருந்தால் ஆம்ப்ளிஃபையரும் 150 வாட்டாகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவதுதான் ஹோம் தியேட்டர் அமைப்பவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. இரண்டு எண்களும் ஒரே அலகில் எழுதப்பட்டிருந்தாலும் அவை சொல்லும் செய்தி வேறு. ஸ்பீக்கரில் உள்ள எண், அது கெட்டுப்போகாமல் எவ்வளவு திறனைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் உள்ள எண், அது சில குறிப்பிட்ட நிபந்தனைகளில் எவ்வளவு திறனை வழங்கும் என்பதைக் குறிக்கிறது. உங்கள் இருக்கையில் ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதை இவற்றில் எதுவும் நேரடியாகச் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் எண் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலி எழுப்புகிறது என்பதே அது. 88 டெசிபல் சென்சிடிவிட்டி கொண்ட டவர் ஸ்பீக்கரை (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், திறந்தவெளிக் கணக்கின்படி ஏறத்தாழ 9.5 டெசிபல் குறைந்து, ஒரு வாட்டுக்கு 78.5 டெசிபல் கேட்கும். அதாவது சாதாரணமாகப் படம் பார்க்கும் 75 டெசிபல் அளவுக்கு அரை வாட்கூடத் தேவையில்லை. ஆனால் ஒரு வெடிச்சத்தம் நொடிப்பொழுதில் 100 டெசிபலைத் தொட வேண்டுமானால் 140 வாட் வேண்டும். அதே இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால் 56 வாட்டில் அதே உச்சம் கிடைத்துவிடும். உண்மையான அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும், இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதாலும் தேவை இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் ஒப்பிடுவதற்கு இது நல்ல தொடக்கம்.

இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் 80 வாட் ரிசீவரை (பல ஆம்ப்ளிஃபையர்களும் ஒலிச் செயலாக்கமும் ஒரே பெட்டியில் உள்ள கருவி) விட்டுவிட்டு 100 வாட் ரிசீவருக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். திறன் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். 80-க்கும் 100-க்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபல்கூட இல்லை. ஒலி இரு மடங்கு உரக்கக் கேட்பதாகக் காதுக்குத் தோன்றுவதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு திறன் வேண்டும். எனவே ஒலி போதவில்லை என்று உணர்பவருக்கு, அடுத்த மாடல் ரிசீவரைவிடச் சென்சிடிவிட்டி அதிகமான ஸ்பீக்கரோ, இருக்கையைச் சற்று முன்னால் நகர்த்துவதோ அதிகப் பயன் தரும்.

ரிசீவரின் பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள வாட் எண்ணை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பெரும்பாலும் அந்த எண் 6 ஓம் மின்தடை கொண்ட சுமையில், 1 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில், ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான வழியை) மட்டும் இயக்கி, 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலித் திரிபு) வரை அனுமதித்து அளந்ததாக இருக்கும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில், 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை இயக்கி, 0.1 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷனில் அளந்த எண் இருந்தால், அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் உழைத்தால் அதுவும் குறையும், ஏனெனில் அனைத்துக்கும் பவர் சப்ளை ஒன்றுதான். பி.எம்.பி.ஓ. (விளம்பரத்துக்காகச் சொல்லும் உச்சத் திறன்) என்ற பெயரில் வரும் ஆயிரக்கணக்கான வாட்களைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

வாட்டைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது இம்பிடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும், ஓமில் அளக்கப்படும் தடை. 8 ஓம் என்று குறிப்பிடப்படும் ஸ்பீக்கர் எல்லா அலைவெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. பல டவர் ஸ்பீக்கர்கள் பாஸ் பகுதியில் 4 ஓமுக்கும் கீழே இறங்குகின்றன. குறைந்தபட்ச இம்பிடன்ஸ், குறிப்பிட்ட மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை கூறினாலும் எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. இம்பிடன்ஸ் பாதியானால் ஆம்ப்ளிஃபையர் அதே மின்னழுத்தத்தில் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டும். அது முடியாத ரிசீவர் சூடேறி, பாதுகாப்புச் சுற்று செயல்பட்டு, படத்தின் நடுவிலேயே நின்றுவிடும். இங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. சென்சிடிவிட்டியை ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் 90 டெசிபல் உண்மையில் 87 டெசிபலுக்குச் சமம்.

பெரிய ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரை எரித்துவிடும், சிறியது பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பாதி மட்டுமே சரி. சிறிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளினால் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டப்படுகின்றன, இதுவே கிளிப்பிங். முற்றிலும் தட்டையான அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரு மடங்கு சராசரித் திறன் கொண்டது. அதோடு, பாஸ் ஏற்கெனவே எல்லையைத் தொட்டு நின்றுவிட, ஒலியைக் கூட்டக் கூட்ட உயர் அலைவெண்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். தொடர்ச்சியாகச் சில வாட்களை மட்டுமே தாங்கும் ட்வீட்டர் (உயர் அலைவெண்களை ஒலிக்கும் சிறு பகுதி) முதலில் பலியாவது இதனால்தான். ஆனால் மிதமான ஒலியில் கேட்பவரின் 40 வாட் ஆம்ப்ளிஃபையரால் எந்த ஸ்பீக்கருக்கும் கேடு வராது. சொரசொரப்பான ஒலி கேட்ட உடனே வால்யூமைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் பரிந்துரைத்த அளவைவிடக் கூடுதல் திறனுள்ள ஆம்ப்ளிஃபையரும் ஆபத்தில்லை. என் மதிப்பீட்டில், தேவைக்குக் குறைவாக வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்குவதே நல்லது.

டவர் ஸ்பீக்கர் பெரிதாக இருப்பதால் ரிசீவரின் மெனுவில் அதை 'லார்ஜ்' (ஆழ்ந்த பாஸையும் அதற்கே அனுப்பும் அமைப்பு) என்று வைப்பதும் பொதுவான பழக்கம். நல்ல சப்வூஃபர் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) இருக்கும்போது இது தேவையற்ற சுமை. டவரை 'ஸ்மால்' என்று வைத்து 80 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவர் (ஒலியைப் பிரித்து அனுப்பும் எல்லை) கொடுத்தால், அதிகத் திறனை விழுங்கும் ஆழ்ந்த பாஸ், தனக்கென ஆம்ப்ளிஃபையர் கொண்ட சப்வூஃபருக்குப் போய்விடும். ரிசீவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பணச் செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்த பிறகே புது ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யோசிக்கலாம்.

ரிசீவரில் பயன்படாமல் மீதமுள்ள சேனல்களைக் கொண்டு டவர்களை பை-ஆம்ப் செய்வதால், அதாவது ஒரே ஸ்பீக்கரின் பாஸ் பகுதிக்கும் உயர் பகுதிக்கும் தனித்தனிச் சேனல் கொடுப்பதால், திறன் இரட்டிப்பாகாது. இரண்டும் ஒரே பவர் சப்ளையைத்தான் பகிர்கின்றன. அப்படியும் செய்பவர்கள், ஸ்பீக்கரின் இணைப்பு முனைகளுக்கு நடுவே உள்ள உலோகத் தகடுகளைக் கழற்ற மறந்தால் ஆம்ப்ளிஃபையரே பழுதாகலாம். ரிசீவரின் மெனுவில் ஸ்பீக்கர் இம்பிடன்ஸை 4 ஓம் என்று மாற்றும் தெரிவும் அதற்கு வலு சேர்ப்பதில்லை. பல மாடல்களில் அது உள்மின்னழுத்தத்தைக் குறைத்துத் திறனைக் கட்டுப்படுத்துகிறது. உண்மையிலேயே கடினமான 4 ஓம் டவர்கள் இருந்தால், பிரீ-அவுட் (தனி ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னலை வெளியே அனுப்பும் முனை) வசதியுள்ள ரிசீவரைத் தேர்ந்து, முன்பக்க இரண்டு சேனல்களுக்கு மட்டும் 4 ஓமில் அளந்த திறன் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட தனி பவர் ஆம்ப்ளிஃபையரை இணைப்பதே முறையான வழி. நடுச் சேனலையும் சரவுண்டையும் (பக்கவாட்டு, பின்புற ஸ்பீக்கர்கள்) ரிசீவரே பார்த்துக்கொள்ளும்.