கர்தினால் மானிங்கின் வாழ்க்கையைப் பங்கு மடலுக்கு ஒரே பக்கத்தில் எழுதுவது எப்படி?

எங்கள் பங்கு மடலில் திருச்சபைப் பெரியவர்களைப் பற்றி மாதம் ஒருவர் என்று எழுதி வருகிறேன். ஹென்றி எட்வர்ட் மானிங்கைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு என் யோசனைகள் இவை.

முதலில் ஜான் ஹென்றி நியூமனை ஓரமாக வையுங்கள். மானிங்கைப் போலவே ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) குருவாக இருந்து கத்தோலிக்கரானவர் என்றாலே நியூமன் பெயர்தான் வாயில் வரும். அவர் கர்தினால் ஆனாரே தவிர, ஆயர் ஆகவில்லை. மானிங் 1865 முதல் 1892-இல் இறக்கும்வரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர்.

அப்புறம், கல்யாணமானவர் எப்படிப் பேராயர் ஆனார் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். முதல் பத்தியிலேயே பதில் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸில் லாவிங்டன் கிராமத்து ஆங்கிலிக்கன் குருவாக இருந்தபோது, 1833-இல் கரோலின் சார்ஜென்டை மணந்தார். 1837-இல் கரோலின் காசநோயில் இறந்தார். பிள்ளைகள் இல்லை, மானிங் மறுமணம் செய்யவும் இல்லை. கத்தோலிக்கரானது அதற்குப் பின் 14 ஆண்டுகள் கழித்து. சாகும் தறுவாயில், மனைவியின் பழைய செபப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து ஆயர் வாகனிடம் ஒப்படைத்தார் என்பார்கள். இடம் எவ்வளவு குறைவானாலும் இதை நான் வெட்டமாட்டேன்.

மாறிய காரணத்தை 'உண்மையைக் கண்டுகொண்டார்' என்று முடித்துவிடாதீர்கள். குழந்தைத் திருமுழுக்கு பற்றி ஜார்ஜ் கோர்ஹாம் என்ற குரு சொன்ன கருத்தை அவருடைய ஆயர் ஏற்கவில்லை. 1850-இல் அரசின் பிரிவி கவுன்சில் குருவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. விசுவாசத்தை அரசு நீதிமன்றம் தீர்மானிப்பதா என்பதுதான் மானிங்கை உலுக்கிய கேள்வி. அப்போது அவர் சிசெஸ்டரின் ஆர்ச்டீக்கன். பெரிய பதவி, நாளைக்கு ஆங்கிலிக்கன் பிஷப்பாகவும் ஆகியிருக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1851 ஏப்ரல் 6 அன்று கத்தோலிக்கரானார். ஜூன் 14-இல் மறுபடி குருப்பட்டம்.

ரோமையில் படித்தது, 1875-இல் கர்தினால் ஆனது எல்லாம் ஒரு வரி போதும். முதல் வத்திக்கான் சங்கத்தில் திருத்தந்தையின் தவறா வரத்துக்காக (விசுவாசத்தை அதிகாரபூர்வமாக வரையறுக்கும்போது அவர் தவறமாட்டார் என்ற கோட்பாடு) அவர் முன்னின்று வாதாடியதற்கு இரண்டு வரி கொடுங்கள்.

மிச்ச இடம் முழுக்க 1889-க்கு. லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்னி கூலி கேட்டு ஆகஸ்டில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மானிங்குக்கு வயது 81. கம்பெனிக்காரர்களிடமும் தொழிலாளர் தலைவர்களிடமும் மாறி மாறிப் போய்ப் பேசினார். கூலி உயர்வை ஜனவரியிலிருந்துதான் தருவோம் என்றது நிர்வாகம். அக்டோபரிலேயே வேண்டும் என்றார்கள் தொழிலாளர்கள். பாப்லரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, நவம்பர் 4 என்ற தேதிக்கு வேலைநிறுத்தக் குழுவைச் சம்மதிக்க வைத்தார். இந்தத் தேதிப் பேரத்தை விட்டுவிட்டு 'சமரசம் செய்தார்' என்று மட்டும் எழுதினால், அந்தக் கிழவர் பட்ட பாடு வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்துக்கு நிலம் வாங்கியும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிதான் முதலில் என்று கட்டடத்தைத் தள்ளி வைத்ததையும் சேருங்கள். படத்துக்கு, 1882-இல் ஜி. எஃப். வாட்ஸ் தீட்டிய ஓவியத்தைப் போடுங்கள்.