பாட்டியின் சுருக்குப்பையும் ஒரு டம்ளர் தண்ணீரும்

குடியாத்தத்தில் பாட்டி விட்டுப்போன சுருக்குப்பையில் ஒரு ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாய், அறுகோண இருபது பைசா சில, 1992-க்குப் பிந்தைய எஃகு ஒரு ரூபாய்கள் என்று கலந்து கிடந்தன. அவற்றின் அடர்த்தியை வீட்டிலேயே ஒப்பிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும்.

முதலில் நாணயத்தை ஈரமில்லாமல் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். தையல் நூலில் நாணயத்தைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. தராசு இப்போது காட்டும் கிராம்தான் நாணயத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். ஏனென்றால் தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை; ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம். காய்ந்த எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

ஒரே ஒரு எஃகு ரூபாயை நிறுத்தபோது எனக்கு விடை தடுமாறியது. எடையே 4.85 கிராம்தான், கன அளவோ 0.63. கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தாலும் விடை மாறிவிடும். பத்தைச் சேர்த்துக் கட்டினேன்: 48.5-ஐ 6.3-ஆல் வகுக்க, 7.7. எஃகின் அடர்த்திக்குச் சரியாக வந்தது. நாணயங்களுக்கு நடுவே காற்றுக்குமிழி சிக்கும், தண்ணீருக்குள் மெல்லக் குலுக்கி விடுங்கள்.

அலுமினிய இருபது பைசாவுக்கு 2.7 அருகில் வரும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், தண்ணீரில் 1.13 காட்டியது, அதாவது 10.3. சுத்த வெள்ளிக்கு 10.5, இதில் கொஞ்சம் செம்பு கலந்திருப்பதால் இந்தக் குறைவு. வெள்ளி நாணயத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.